பச்சை மையில் பதினாலு குறைகள்

நீங்க சன்னல் பக்கமே இருங்க தம்பி. எனக்கு ஓரம்தான் வசதி. அடிக்கடி எந்திரிக்கிற ஆளு நான், சுகர் இருக்கு. கண்டக்டர் செஞ்சது நல்ல காரியம். உங்க வீட்டுக்காரங்களை அந்தப் பக்கம் அந்த அம்மாவோட உக்கார வச்சுட்டு, உங்களை என்கிட்ட தள்ளிவிட்டாரு. அவங்களுக்கும் பேச்சுத்துணை, நமக்கும் பேச்சுத்துணை.

ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெருங்களத்தூர்ல ஏறினதுலேர்ந்து பாக்குறேன், உங்க வீட்டுக்காரங்க தண்ணி பாட்டிலை மடியில வச்சிருக்காங்க, மூடியைத் திறக்கல. விழுப்புரம் தாண்டியாச்சு, ஒரு சொட்டு குடிக்கல. என் வீட்டுக்காரியும் அப்படித்தான். பிரயாணம்னா பச்சைத் தண்ணி பல்லுல படாது. வளர்ப்பு தம்பி, வளர்ப்பு. சில பொம்பளைங்க அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்து நிறுத்துன்னு உயிரை வாங்குவாங்க. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. எனக்கும் முப்பத்தொம்பது வருஷம் அந்தக் கஷ்டம் இல்லாமத்தான் இருந்துச்சு. போன மாசம் வரைக்கும்.

என் பேரு நல்லசிவன். கோவில்பட்டி. நெடுஞ்சாலைத் துறையில உதவிக் கோட்டப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு. காலையிலதான் அமெரிக்காவுலேர்ந்து வந்து இறங்கினேன். மேல இருக்கிற ரெண்டு பெட்டியும் என்னுதுதான். போகும்போது ரெண்டு பேரு, வரும்போது ஒருத்தன். பதறாதீங்க, அவ நல்லாத்தான் இருக்கா. முன்னைக்கு இப்ப இன்னும் நல்லா இருக்கா. அதுதான் என் வருத்தமே. சொல்றேன், கேட்டுட்டு யாரு பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

என் மக கோமதி அங்க யூட்டாங்கிற மாநிலத்துல இருக்கா. மாப்பிள்ளை செந்தில்வேல், தங்கமான பையன். நான் சொன்னா சொன்னபடி வண்டி ஓட்டுவாரு. நாங்க போய் ஒரு மாசம் வீட்டுக்குள்ளயே கிடந்தோம். அப்புறம் கோமதிதான் சொன்னா, தெக்க ஒரு நாள் பயணம் போனா பாலைவனமும் மலையும் பாக்கலாம், நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால அந்த நாட்டுக்குள்ள முதமுதல்ல மாட்டு வண்டி கட்டிப் போனவங்க கட்டின கல்கோட்டை ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துட்டு வரலாம்னு. சரின்னேன். ஆனா திட்டம் நான்தான் போடுவேன்னேன். முப்பத்தி நாலு வருஷம் டூர் புரோகிராம் போட்ட கை இது.

டைப் அடிச்சு நாலு காப்பி எடுத்தேன். மகளுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஃபைலுக்கு ஒண்ணு. காலை அஞ்சரைக்குப் புறப்பாடு. பதினொண்ணு நாப்பதுக்குக் கோட்டை. இடைநிறுத்தம், தேவைக்கேற்ப. செண்பகத்துக்கு எதுக்குக் காப்பி? அவ என்கூடத்தானே வர்றா. செண்பகவல்லிதான் என் வீட்டுக்காரி பேரு. சாயங்காலமே புளியோதரை கிண்டி, உருளைக்கிழங்கு வறுத்து, எல்லாத்தையும் டப்பாவுல அடைச்சு வச்சுட்டா. விடிகாலையில எல்லாருக்கும் காப்பி போட்டா. அவ மட்டும் குடிக்கல. ஏம்மான்னு கோமதி கேட்டா. நான்தான் சொன்னேன், உங்கம்மா பிரயாண நாள்ல எதுவும் குடிக்க மாட்டா, அவ பழக்கம் அதுன்னு. பெருமையாத்தான் சொன்னேன்.

வண்டியில நான் முன் சீட்டு. ரோடு பாக்கணும்ல. என்ன ரோடு தம்பி! வளைவுல ரோட்டோட சாய்மானம் பாத்தீங்கன்னா, ஸ்கேல் வச்சு அளந்த மாதிரி. தடுப்புச் சுவர்ல ஒரு விரிசல் கிடையாது. மலையெல்லாம் செக்கச்செவேல்னு, ஒரு புல் பூண்டு இல்லாம நிக்குது. நம்ம கயத்தாறு பக்கம் மூணு வருஷம் மழை இல்லாமப் போனா எப்படி இருக்கும், அப்படி. ஆளு இல்ல, மாடு இல்ல, டீக்கடை இல்ல. கண்ணுக்கு எட்டின வரைக்கும் முழங்கால் உசரத்துக்கு ஏதோ ஒரு சாம்பல் நிறச் செடி. அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு எனக்கு அவசரம். மாப்பிள்ளை ஓரங்கட்டினாரு. இறங்கிப் போய்ட்டு வந்தேன். வந்து என்ன செஞ்சேன் தெரியுமா? பின்னால திரும்பி, "செண்பகம், நீ போறியா?"ன்னு கேட்டேன். எத்தனை புருஷன் கேப்பான்? வேண்டாம்னு தலையை ஆட்டிச் சிரிச்சா. எட்டேகாலுக்கு மறுபடி நிறுத்தினோம். மறுபடி கேட்டேன். மறுபடி சிரிச்சா. ஒம்பதரைக்கும் கேட்டேன். நான் கேக்கலைன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது.

கோமதி பின்னாலேர்ந்து தொணதொணத்துக்கிட்டே வந்தா. பெரிய ரோட்டுல இன்னும் இருபது மைல் போனா கழிப்பிடம், தண்ணிக் குழாய், நிழல் எல்லாம் கட்டி வச்சிருக்காங்க, அங்க நிறுத்தலாம்னா. நான் மேப்பைப் பாத்தேன். பழைய ரோடு ஒண்ணு மலைக்கு நடுவுல போகுது. அதுல போனா பதினோரு மைல் மிச்சம். மாப்பிள்ளை, இடது பக்கம் திருப்புங்கன்னேன். அவரு கோமதி முகத்தைப் பாத்தாரு, என் முகத்தைப் பாத்தாரு, திருப்பிட்டாரு. ரோடு கொஞ்சம் ஜல்லி ரோடுதான். குலுக்கத்தான் செஞ்சுச்சு. வேலை பாத்த காலத்துல ஜீப்புல இதைவிட மோசமான ரோட்டுலயெல்லாம் செண்பகத்தைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நான், டிரைவர், ஓவர்சியர், ரோட்டு வேலைக்கு ரெண்டு மஸ்தூரு, பின்னால அவ. வாயைத் திறக்க மாட்டா.

கோட்டைக்குப் பதினொண்ணு நாப்பத்தி ரெண்டுக்குப் போய்ச் சேந்தோம். ரெண்டே நிமிஷம் தாமதம். வெளிய நாப்பத்திமூணு டிகிரி வெயில்.

கோட்டைன்னா நம்ம செஞ்சிக் கோட்டை மாதிரி நினைச்சுக்காதீங்க. நாலு பக்கம் கல் சுவர், நடுவுல ஒரு முற்றம், சுத்தி பத்துப் பன்னண்டு அறை. ஆனா ஒரு விஷயம் செஞ்சிருக்கான் பாருங்க, அந்த இடத்துல ஒரு ஊத்து இருந்திருக்கு, அந்த ஊத்து மேலயே வீட்டைக் கட்டியிருக்கான். கூடத்துக்கு நடுவுல கல் வாய்க்கால்ல இன்னைக்கும் தண்ணி ஓடுது. கட்டினவன் பேரு கார்வர். பதினாலு ஆளை வச்சுக்கிட்டு தொண்ணூறு மைலுக்கு வண்டிப்பாதை போட்டிருக்கான் தம்பி. ரோலர் கிடையாது, தார் கிடையாது. வாசல்ல வெண்கலச் சிலை வச்சிருக்காங்க. தூரத்தைக் கை காட்டிக்கிட்டு நிக்கிறான். நான் பக்கத்துல நின்னு அதே மாதிரி கை காட்டி ஒரு படம் எடுத்துக்கிட்டேன். அப்புறம் காட்டுறேன்.

சுத்திக் காட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாங்க. எழுபது வயசு இருக்கும். அந்தக் காலத்து மாதிரியே கால் வரைக்கும் கவுனு, தலையில துணித் தொப்பி. கார்வரைப் பத்திச் சொல்வாங்கன்னு பாத்தா, அவன் பொண்டாட்டியைப் பத்தியே பேசுறாங்க. அந்தப் பொம்பளை ஒரு டைரி எழுதி வச்சிருக்கா. கண்ணாடிப் பெட்டியில இருக்கு. வண்டியில வந்த நாலு மாசமும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதானாம். ‘இன்னும் இரண்டு நாள்தான் என்று அவர் சொல்கிறார்.’ எனக்கு அது சரியாப் படல. ஒரு மனுஷன் பாலைவனத்துல ரோடு போட்டிருக்கான், அதைப் பத்தி ஒரு வரி எழுதல. அளவு இல்ல, சாமான் விவரம் இல்ல. என்ன டைரி அது?

அப்புறம் அந்த அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. வண்டிக் கூட்டம் நின்னாலும் அந்த வெட்டவெளியில பொம்பளைங்களுக்கு ஒதுங்க மறைவு கிடையாதாம். அதனால எல்லாப் பொம்பளைங்களும் வெளிப்பக்கம் பாத்து வட்டமா நின்னு, அவங்கவங்க பாவாடையை ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிச்சுக்குவாங்களாம். நடுவுல ஒருத்தி உக்காருவாளாம். முடிஞ்சதும் அவ வந்து வட்டத்துல நிப்பா, அடுத்தவ உள்ள போவா. ஒரு சரித்திர ஸ்தலத்துல சொல்ற விஷயமா இது? நான் சுவரோட பூச்சைப் பாக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கோமதி அதைத் தமிழ்ல அவங்கம்மாவுக்குச் சொல்லிட்டா. செண்பகம் கேட்டா, "எத்தனை பேரு நிப்பாங்களாம்?" அந்த அம்மாகிட்டக் கேட்டு, ஆறு ஏழு பேருன்னு சொன்னா கோமதி. அவ்வளவுதான், செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு. சாதாரணச் சிரிப்பு இல்ல. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா. முந்தானையை வாயில வச்சு அடக்குறா, அடங்கல. பாத்தா கண்ணுல தண்ணி. அப்புறம் சிரிப்பா அழுகையான்னு தெரியல. பழைய காலத்து ஜனங்க பட்ட பாட்டைக் கேட்டு மனசு இளகிட்டான்னுதான் நான் நினைச்சேன். அப்படியே சுவத்துல சாஞ்சா. சாஞ்சவ சரிஞ்சு உக்காந்துட்டா. கண்ணு மேல சொருகிருச்சு.

உண்மையைச் சொல்றேன், பயந்துட்டேன். அந்தத் தொப்பி அம்மாதான் ஓடி வந்து மடியில சாச்சு, நாக்கைப் பாத்தாங்க. கிளிஞ்சல் மாதிரி காஞ்சு கிடந்துச்சு. ஊத்துத் தண்ணியில துணியை நனைச்சு முகத்தைத் துடைச்சாங்க. அவங்க பாட்டில்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கக் குடுத்தாங்க. கடைசியா எப்பத் தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டாங்க. கோமதி தமிழ்ல கேட்டா.

"நேத்து சாயங்காலம். விளக்கேத்துறதுக்கு முன்னால."

கோமதி போட்ட சத்தத்துல அங்க இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஏம்மா, ஏம்மான்னு அவளைப் போட்டு உலுக்குறா. செண்பகம் நிதானமாத்தான் சொன்னா. என்னைப் பாக்கவே இல்ல, கூடத்துல ஓடுற தண்ணியைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே இப்படித்தான். ஊருக்குக் கிளம்புற முந்தின நாளே நிறுத்திருவேன். உங்கப்பா கேப்பாரு, நடு ரோட்டுல நிறுத்தி நீ போறியான்னு கேப்பாரு. நாலு ஆம்பளைங்க நிக்கிற இடத்துல நான் எங்க போறது? எங்கிட்டயும் சேலை இருந்துச்சு கோமதி. சுத்தி நிக்க ஆளுதான் இல்ல."

இதை வெளியாளு முன்னால சொல்லலாமா? அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, சரி. ஆனா கோமதி உடனே மொழிபெயர்த்துட்டா. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, சட்டசபைக் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்ன நாள்ல கூட எனக்கு அப்படி வேத்ததில்ல. அப்புறம் அவங்களும் கோமதியும் செண்பகத்தைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனாங்க. சுத்திப் பாக்க வந்த இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் என்னமோ சொந்தக்காரங்க மாதிரி கூடவே போனாங்க. அரை மணி நேரம் திரும்பல.

நான் என்ன செய்யிறது? சும்மா நிக்கிற ஆளு இல்ல நான். வாசல்ல பார்வையாளர் பதிவேடு இருந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு அதிகாரி ஒரு இடத்துக்குப் போனா பதிவேட்டுல குறிப்பு எழுதாம வரக்கூடாது. மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு புரட்டினேன். அழகு, அருமை, குழந்தைங்களுக்குப் பிடிச்சுதுன்னு ஒவ்வொரு வரி. பொறுப்பே இல்ல. சட்டைப் பையிலேர்ந்து பச்சைப் பேனாவை எடுத்தேன். ரிட்டயர் ஆனா என்ன, அந்தப் பேனாவை நான் விடல. இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் எழுதினேன். இன்று என்னால் ஆய்வு செய்யப்பட்டது. பொதுவாகத் திருப்தி. கீழ்க்கண்ட குறைகள் காணப்பட்டனன்னு பதினாலு குறை. மேக்குச் சுவர்ல நீர்க்கசிவு, வாய்க்காலுக்கு வாட்டம் போதல, படிக்கட்டு உசரம் ஒண்ணுக்கொண்ணு சரியில்ல, இப்படி. பதினாலாவது, வழிகாட்டிகள் கட்டுமானம் பற்றி மட்டும் பேசுதல் நலம். நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்னு போட்டு, ஈமெயில் முகவரி கேட்ட இடத்துல கோமதியோடதை எழுதி, கையெழுத்து, பதவி, தேதி எல்லாம் போட்டேன். ஓய்வுங்கிறதை அடைப்புக்குள்ள சின்னதாப் போட்டேன்.

எழுதி முடிச்சதும் எனக்கு அவசரம். ஆம்பளைங்க கழிப்பறை பக்கத்துலயே இருந்துச்சு, போய்ட்டு வந்தேன். வந்து பாத்தா வண்டியில முன் சீட்டுல செண்பகம் உக்காந்திருக்கா. அந்த அம்மா குடுத்த பெரிய பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு, குடிச்சுக்கிட்டே இருக்கா. என்னைப் பின்னால ஏறச் சொல்லிட்டா என் மக.

திரும்பி வந்த கதையைக் கேக்காதீங்க. பெரிய ரோடு. வழியில எத்தனை நிறுத்தம் கட்டி வச்சிருக்கானோ அத்தனையிலயும் நிறுத்தினாங்க. ஒவ்வொண்ணுலயும் செண்பகம் இறங்கிப் போய்ட்டு, முகம் கழுவிட்டு, பாட்டிலை நிரப்பிட்டு, ஆற அமர வந்தா. ஒரு இடத்துல பெஞ்சுல உக்காந்து மலையை வேற பாத்தா. நாலு மணி நேரம் தாமதம். நான் போட்ட திட்டம் நாலு காப்பியும் குப்பைக்குப் போச்சு. கோமதி கை காட்டின இடத்துலயெல்லாம் மாப்பிள்ளை ஓரங்கட்டினாரு. அவரும் கட்சி மாறிட்டாரு.

மறுநாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. சிறுநீரகத்துல ரெண்டு கல்லு இருக்காம், பழைய கல்லாம். டாக்டரும் ஒரு பொம்பளைதான். அடிக்கடி காய்ச்சல் வருமான்னு கேட்டாங்க. நான்தான் பதில் சொன்னேன், இவளுக்கு உடம்பு அப்படி, திருப்பதி போய்ட்டு வந்தாலும் காய்ச்சல், ராமேஸ்வரம் போய்ட்டு வந்தாலும் காய்ச்சல், போற ஊருத் தண்ணி இவளுக்கு ஒத்துக்காதுன்னு. கோமதி என் பக்கம் திரும்பி, "அம்மா எந்த ஊருலப்பா தண்ணி குடிச்சா?"ன்னு கேட்டா. இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்தவ, அதை மட்டும் தமிழ்ல கேட்டா.

போன வாரம் டிக்கெட் விஷயம் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் எடுத்து வச்ச டிக்கெட். செண்பகம் சொல்றா, நீங்க முன்னால போங்க, நான் கார்த்திகையில கோமதி வரும்போது அவளோட வர்றேன்னு. ஏன்னு கேட்டேன். உங்க பக்கத்துல இருபத்திரண்டு மணி நேரம் என்னால வர முடியாதுங்கன்னா. கோவமாச் சொல்லியிருந்தாப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். குழம்புக்கு உப்பு போதுமான்னு கேக்குற குரல்ல சொன்னா. போகும்போது நான் ஓரத்து சீட்டுல தூங்கிட்டேனாம், அவ சன்னல் பக்கமாம், எழுப்பக் கூச்சமா இருந்துச்சாம். எழுப்ப வேண்டியதுதானே? நானா வேண்டாம்னேன்? வரும்போது அவ சீட்டுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்து உக்காந்துச்சு. நாலு தரம் என் தோளைத் தட்டி எழுப்பி விட்டுட்டுப் போய்ட்டு வந்துச்சு. கொஞ்சம்கூட கூச்சமில்ல. நானும் எந்திரிச்சு வழி விட்டேன். அது ஒண்ணும் பெரிய கஷ்டமா இல்ல தம்பி.

இப்பக் காலையில சென்னையில இறங்கி போனைத் திறந்தா, கோமதி அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைப் படமா அனுப்பியிருக்கா. அந்தக் கோட்டை அம்மா ஈமெயில் போட்டிருக்காங்களாம். என் குறிப்புக்குப் பதில் வந்திருச்சுன்னு நினைச்சேன். பதினாலு குறைக்கு ஒரு வரி பதில் இல்ல. என் குறிப்புக்குக் கீழ வேற மொழியில ஏதோ எழுதியிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்காங்க. இங்க பாருங்க. இது என் பச்சை மை. கடைசியில, நீல மையில, இது செண்பகம் கையெழுத்து. நான் கழிப்பறை போன நேரத்துல எழுதியிருக்கா.

‘இங்கே தண்ணீர் குடித்தேன். நல்ல தண்ணீர். செண்பகவல்லி, கோவில்பட்டி.’

தேதி இல்ல. ஆய்வுக் குறிப்புக்குக் கீழ எழுதுற விஷயமா இது, சொல்லுங்க. ஆனா ஏர்போர்ட்லேர்ந்து இதோட இருபது தரம் படிச்சுட்டேன். எங்க வீட்டுல நாலு குடம் தாமிரபரணித் தண்ணி எப்பவும் நிறைஞ்சு நிக்கும். அவதான் பிடிச்சு வைப்பா. அந்தத் தண்ணியைப் பத்தி அவ ஒரு நாளும் நல்ல தண்ணின்னு சொல்லி நான் கேட்டதில்ல. வீட்டைப் போய்த் திறக்கணும். குடமெல்லாம் காலியாத்தான் கிடக்கும். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

என்ன, பஸ் நிக்குது? யாரோ சொல்லியிருப்பாங்க. ஆமா, ஆம்பளைங்க எல்லாம் இறங்குறாங்க. கருவேல முள்ளுக்காடு, நல்ல இடம்தான். வாங்க தம்பி, நாமளும் போய்ட்டு வந்துரலாம். போறதுக்கு முன்னால மரியாதைக்கு உங்க வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுருங்க, நீ போறியான்னு.

கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?

வேண்டாம்னு தலையை ஆட்டினாங்களா. சிரிச்சுக்கிட்டே ஆட்டினாங்களா?

உக்காருங்க தம்பி. இறங்க வேண்டாம், கொஞ்சம் உக்காருங்க. அந்தப் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, அவங்க கையில குடுங்க. நான் டிரைவர்கிட்ட போறேன். அடுத்து எங்க கதவும் தாழ்ப்பாளும் இருக்கிற கழிப்பறை இருக்கோ அங்க நிறுத்தச் சொல்றேன். யாருக்குன்னு கேட்டா எனக்குன்னு சொல்லிக்கிறேன். எனக்குன்னா எல்லாரும் நிறுத்துவாங்க.